இரண்டாம் கேமராவின் மஞ்சள்

புதுக் கேமராக்கள் வந்து இறங்கிய அன்றுதான் அந்த ஸ்டூடியோ எவ்வளவு ஓட்டை உடைசல் என்பது அங்கே வேலை பார்த்தவர்களுக்கே தெரிந்தது. பதினாறு வருஷம் உழைத்த பழைய கேமராக்கள் எதையும் பாதிதான் காட்டும். செய்தி மேஜையின் விளிம்பில் மரநிறத் தாள் உரிந்து தொங்குவது, பின்சுவரில் ஆணித் தலைகள் துருப்பிடித்திருப்பது, அலமாரியில் கம்பீரமாக அடுக்கிய கெட்டிப் புத்தகங்கள் வெறும் அட்டைப் பெட்டிகள் என்பது எல்லாம் அந்த மங்கலில் மறைந்து கிடந்தன. புதுக் கேமராவின் முதல் படம் கட்டுப்பாட்டு அறைப் பெரிய திரையில் விழுந்ததும் எல்லோரும் திரையை நெருங்கி வந்தார்கள். பிறகு யாரோ சொன்னார்கள்: "அடேயப்பா, சுவத்துல பல்லி கண் சிமிட்டறதுகூடத் தெரியுதே."

அந்தத் திரைக்கு எதிரே, குமிழ்கள் நிறைந்த பலகையின் முன்னால் உட்கார்ந்திருந்தவளை அந்த டிவி நிலையத்தில் எல்லோரும் கலரம்மா என்று கூப்பிடுவார்கள். நாற்பது தாண்டியவள். மூன்று கேமராக்களும் ஒரே நிறத்தில், ஒரே வெளிச்சத்தில் தெரியும்படி குமிழ்களைத் திருப்பிப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஒரு கேமராவில் சிவப்பாகவும் அடுத்ததில் வெளுப்பாகவும் ஒரே ஆள் தெரிந்தால், பார்க்கிறவர்களுக்குக் காரணம் தெரியாமலே எரிச்சல் வரும். அந்த எரிச்சல் வராமல் இருக்கிறவரை கலரம்மா என்று ஒருத்தி இருப்பதே ஊருக்குத் தெரியாது.

ஊருக்குத் தெரிந்தவள் அவளுடைய நாத்தனார். கணவனின் அக்கா. இருபத்திரண்டு வருஷமாக இரவு ஏழரை மணிச் செய்தியை வாசிக்கிறவள். கடைத்தெருவில் அவளை "ஏழரை அக்கா" என்று கூப்பிடுவார்கள். "எங்க குடும்பத்துக்கு ஏழரை சனி தனியா வேணாம், வீட்டுலயே பொறந்திருக்கு" என்று அவளுடைய தம்பி சொல்லிச் சிரிப்பான். அவளும் சிரிப்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பத்து நிமிஷ நடைதூரத்தில் ஒரு சின்ன மாடிவீட்டில் தனியாக இருந்தாள். ஞாயிறு மதியச் சாப்பாடு மட்டும் தம்பி வீட்டில். கலரம்மாவுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். கொடுத்ததைச் சொல்லிக் காட்டுகிறவள் இல்லை. ஆனால் கலரம்மா அவளுக்கு முன்னால் எப்போதும் ஒரு அடி தள்ளியே நிற்பாள். பயமா மரியாதையா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

அன்று ஒத்திகைக்கு நாத்தனாரை மேஜையில் உட்காரச் சொன்னார்கள். இரண்டாம் கேமரா அவள் முகத்துக்கு நேர். படம் பெரிய திரையில் வந்தது. கண்ணோரக் கோடுகள், மேலுதட்டின் மெல்லிய ரோமம், பவுடர் நெற்றியில் திட்டுத் திட்டாக நிற்பது எல்லாம் ஊசி முனையில் எழுதியது போலத் தெரிந்தன. கலரம்மாவின் கையருகே ஸ்டூடியோவுக்குள் பேசும் மைக் திறந்திருந்தது. புதுப் பொருளைப் பார்த்த உற்சாகம், அறையில் நிறைய ஆட்கள், வாய் தவறிவிட்டது.

"இனிமே பவுடர் எல்லாம் வேலைக்காகாது அண்ணி! இது வயசுச் சான்றிதழே வாசிக்கும் போல!"

அறை முழுக்கச் சிரித்தது. ஸ்டூடியோவுக்குள் விளக்குக் கட்டிக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். நாத்தனார் திரையில் அசையவே இல்லை. வாயை மட்டும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள். அதுவும் துல்லியமாகத் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சாப்பிட வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. தம்பி போன் செய்தபோது, "உடம்பைக் குறைக்கறேன்டா. உன் பொண்டாட்டி கேமராவுக்கு ஏத்த மாதிரி ஆகணுமில்ல" என்றாளாம்.

"என்னடி சொன்னே அவளை?" என்று கணவன் கேட்டான். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவன். பொறுமைசாலி.

"விளையாட்டுக்குச் சொன்னேன்."

"விளையாட்டு வினையாகும்னு தெரியாதா? போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடு."

கலரம்மா போனாள். ஒப்பனை அறைக் கதவருகே நின்று, "அண்ணி, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தாள். நாத்தனார் கண்ணாடியிலிருந்து திரும்பாமலே, "செய்திக்கு நேரமாச்சு" என்றாள். அத்தோடு சரி. பிறகு இருவரும் வேலைக்கு வேண்டிய வார்த்தைகளை மட்டும் பேசிக்கொண்டார்கள்.

நாத்தனார் உண்மையிலேயே இளைத்தாள். புதுக் கேமராவுக்கென்று விற்கும் மெல்லிய ஒப்பனைப் பூச்சு வாங்கினாள். லேசான பழுப்புக் கண்ணாடி வைத்த மூக்குக்கண்ணாடி ஒன்றும் போட்டுக்கொண்டாள். கேமரா முன்னால் மட்டும் அதைக் கழற்றுவாள். "அக்கா, பத்து வயசு குறைஞ்சுட்டீங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். புதுப் பூச்சு ஒத்துக்கொள்ளாமல் கையும் கழுத்தும் அரிக்கிறது என்று அவள் யாரிடமோ சொன்னதைக் கலரம்மா கேட்டாள். அழகு வேணும்னா கொஞ்சம் அரிக்கத்தான் செய்யும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பின்னால் பலமுறை இந்த ஒரு நினைப்புக்காகவே தன்னைத் தானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

நான்காவது மாதம் நிலையத்துக்குப் போன்கள் வர ஆரம்பித்தன. "புதுப் படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அக்கா ஏன் மஞ்சளா தெரியறாங்க?"

செய்தித் தயாரிப்பாளர் ஒருவர் உண்டு. எதற்கெடுத்தாலும் அவசரம் என்பார். அதனால் அவருக்குப் பெயரே அவசரம். அவர் கேமரா விற்ற கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினார். இரண்டு நாளில் கம்பெனியின் மெக்கானிக் ஒரு பெட்டியோடு வந்தான்.

"காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சொல்லுவாங்க. உங்க கேமராவுக்கே காமாலை வந்திருக்கு, பாருங்க" என்றார் அவசரம். எல்லோரும் சிரித்தார்கள்.

மெக்கானிக் சிரிக்கவில்லை. பெட்டியிலிருந்து நிறக்கட்டங்கள் போட்ட அட்டையை எடுத்து, நாத்தனார் உட்காரும் நாற்காலியில் நிறுத்தி வைத்தான். மூன்று கேமராக்களையும் அதன் மேல் திருப்பச் சொன்னான். கலரம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் பார்த்தான்.

"கேமரா மேல தப்பே இல்லம்மா" என்றான். "வெள்ளை வெள்ளையா இருக்கு, சிவப்பு சிவப்பா இருக்கு. முன்னாடி இருக்கறதைத்தான் காட்டுது. உங்க பின்சுவரு மஞ்ச மரம். அது முகத்துல அடிக்குதோ என்னவோ."

நிலைய முதலாளி பின்சுவரைச் சாம்பல் நீலத்தில் அடிக்கச் சொன்னார். மேஜையை மாற்றினார். புத்தக அட்டைப் பெட்டிகளைத் தூக்கிப் போட்டார்கள். ஸ்டூடியோ பளிச்சென்று ஆனது. மஞ்சள் மட்டும் போகவில்லை.

"கலரம்மா, நீங்கதான் ஏதாவது பண்ணணும். அவசரம்" என்றார் அவசரம்.

பண்ண முடியும். தோலின் நிறத்தை மட்டும் தனியாகப் பிடித்து மாற்றுகிற வசதி அந்தக் கேமராவில் இருந்தது. சுவரும் உடையும் மாறாது, முகம் மட்டும் மாறும். கலரம்மா இரண்டாம் கேமராவின் குமிழை மெல்லத் திருப்பினாள். மஞ்சள் கரைந்தது. கொஞ்சம் சிவப்பு ஏற்றினாள். நாத்தனாரின் முகம் இருபத்திரண்டு வருஷமாக ஊர் பார்த்த மாநிறத்துக்குத் திரும்பியது. போன்கள் நின்றுவிட்டன. முதலாளி தாமே வந்து, "கலரம்மான்னா கலரம்மாதான்" என்று தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் அந்த அளவைப் பெயர் போட்டுச் சேமிக்கவில்லை. சேமித்தால் பட்டியலில் நிற்கும், யாராவது இது என்ன என்று கேட்பார்கள், நாத்தனார் காதுக்குப் போகும். தினமும் ஏழு மணிக்கு வந்து கையாலேயே திருப்பி வைத்தாள். நாளுக்கு நாள் குமிழை இன்னும் ஒரு மயிரிழை கூடுதலாகத் திருப்ப வேண்டியிருந்தது.

அப்போதும் அவள் ஒன்றையும் சந்தேகப்படவில்லை. சந்தேகம் வந்தது ஒரு வியாழக்கிழமை. குடிநீர் வாரியப் பொறியாளரைப் பேட்டிக்கு அழைத்திருந்தார்கள். நாத்தனாரும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். திருத்தம் எதுவும் செய்யாத முதலாம் கேமரா இருவரையும் சேர்த்துக் காட்டியது. கலரம்மாவின் பலகையில் ஒரு சின்ன வட்டத்திரை உண்டு. படத்தில் உள்ள நிறங்கள் அதில் புகை மாதிரிப் பரவித் தெரியும். அந்த வட்டத்தில் மனிதத் தோலுக்கென்றே ஒரு கோடு. கறுத்தவர், சிவந்தவர், மாநிறத்தவர் யார் வந்து உட்கார்ந்தாலும் அவர்களுடைய புகை அந்தக் கோட்டை ஒட்டித்தான் நிற்கும். தோலுக்கு அடியில் ஓடுகிற ரத்தம் எல்லோருக்கும் ஒரே நிறம் என்பதுதான் காரணம்.

பொறியாளரின் புகை கோட்டின் மேல் நின்றது. நாத்தனாருடையது கோட்டை விட்டு விலகி, மஞ்சள் பக்கம் தனியாகக் கிடந்தது.

ஒரே கேமரா. ஒரே விளக்கு. ஒரே சுவர். கலரம்மா இரண்டாம் கேமராவின் திருத்தத்தை ஒரு நொடி எடுத்துவிட்டு, ஒளிபரப்பில் இல்லாத நேரமாகப் பார்த்து, நாத்தனாரின் முகத்தை அருகில் கொண்டுவரச் சொன்னாள். கண்ணின் வெள்ளை வெள்ளையாக இல்லை. பழைய காகிதத்தின் நிறத்தில் இருந்தது.

செய்தி முடிந்ததும் நேரே ஒப்பனை அறைக்குப் போனாள். அந்த அறையின் கண்ணாடியைச் சுற்றி இன்னும் பழைய மஞ்சள் பல்புகள்தான்; அந்த வெளிச்சத்தில் எந்த முகமும் மஞ்சளாகத்தான் தெரியும். நாத்தனார் பழுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைப்பையை மூடிக்கொண்டிருந்தாள். புறங்கையில் சொறிந்த கோடுகள்.

"என்ன?" என்றாள்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். உங்க முகம்..."

நாத்தனார் நிமிர்ந்தாள். "சொல்லு. என் முகத்துல இன்னும் என்ன பாக்கி இருக்கு? சுருக்கம் எண்ணி முடிச்சாச்சா?"

அந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். கண் மஞ்சளாக இருக்கிறது அண்ணி, டாக்டரைப் பாருங்கள். நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அன்று அறை முழுக்கச் சிரித்த சிரிப்பு கலரம்மாவின் காதில் கேட்டது. மறுபடியும் அந்த வாயை அவள் இறுக்கிக்கொள்வதைப் பார்க்கத் துணிவில்லை.

"மைக் கொஞ்சம் கரகரங்குது அண்ணி. நாளைக்கு வேற மாத்திடச் சொல்றேன்."

"சரி" என்று சொல்லி நாத்தனார் விளக்கை அணைத்தாள்.

வீட்டில் கணவனிடம் பாதி சொன்னாள். "உங்கக்கா ரொம்பக் களைப்பாத் தெரியறாங்க. ஒரு தடவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்களேன்."

"சாப்பிடாம கிடந்தா களைப்பு வராம என்ன செய்யும்? நீ போய்ச் சமாதானம் பண்ணு, தானா சரியாயிடும்" என்றான் அவன். பந்து மறுபடியும் அவள் பக்கமே வந்து விழுந்தது.

அதன் பிறகு ஐந்து வாரம். தினமும் ஏழு மணிக்குக் குமிழைத் திருப்பினாள். வெறும் சோகையாக இருக்கலாம். அந்தப் பூச்சாக இருக்கலாம். அவர்களே கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொள்ள மாட்டார்களா? இப்படி ஒவ்வொரு நாளைக்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தாள். சனிக்கிழமை சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். சனிக்கிழமை வந்தால் திங்கட்கிழமை.

ஒரு செவ்வாய்க்கிழமை செய்தி பாதியில் இருக்கும்போது மின்சாரம் போனது. ஜெனரேட்டர் பிடிக்கப் பத்து நொடி ஆயிற்று. கேமராக்கள் அணைந்து மறுபடி எழுந்தன. ஒளிபரப்பு திரும்ப வந்தபோது இரண்டாம் கேமராவில் கலரம்மா செய்து வைத்த திருத்தம் இல்லை. கேமரா பிறந்தபோது இருந்த நிலைக்குப் போயிருந்தது.

திரையில் மஞ்சள் முகம் ஒன்று சாலை விபத்துச் செய்தி வாசித்தது. ஐந்து வாரத்துக்கு முன்னால் இருந்த மஞ்சள் இல்லை இது. கழுத்திலும் காதோரத்திலும் பூச்சு படாத இடமெல்லாம் பித்தளை போல மின்னியது. கண்கள் அதைவிட மோசம்.

"கலரம்மா, ரெண்டு! ரெண்டாம் கேமரா! சீக்கிரம்!" என்று அவசரம் கத்தினார்.

கை தானாகக் குமிழுக்குப் போனது. தொட்டும்விட்டாள். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கேக்குதா இல்லையா? ஊரே பாக்குது!"

"பாக்கட்டும்" என்றாள் கலரம்மா. "கேமரா சரியா இருக்கு சார்."

ஸ்டூடியோவுக்குள் மேஜைக்கு எதிரே ஒரு திரை இருக்கும். வாசிக்கிறவர் தன்னையே அதில் பார்க்கலாம். விபத்துச் செய்தி முடிந்து அடுத்த தாளை எடுக்கும்போது நாத்தனாரின் கண் அதன் மேல் விழுந்தது. 'நகராட்சி' என்ற வார்த்தையில் தடுக்கினாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் தடுக்கிக் கேட்டதில்லை யாரும். மறுபடி எடுத்தாள், நேராக வாசித்தாள், வானிலை வரை வாசித்து வணக்கம் சொல்லி முடித்தாள். நான்கு நிமிஷம். அந்த நான்கு நிமிஷமும் கலரம்மா மடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

நாத்தனார் மாடிப்படி ஏறிக் கட்டுப்பாட்டு அறைக்கு வந்தபோது எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள்.

"வேணும்னே பண்ணினியா?"

"ஆமா அண்ணி."

"எதுக்கு? அன்னிக்குச் சிரிச்சது போதலையா?"

"கேமரா பொய் சொல்லலே அண்ணி. நான்தான் இத்தனை நாளாப் பொய் சொல்லிட்டு இருந்தேன். உங்க கண்ணு மஞ்சளா இருக்கு. உடம்பே மஞ்சளா இருக்கு. நான் தினமும் அதை மாத்தி மாத்தி அனுப்பிட்டு இருந்தேன்."

நாத்தனார் பழுப்புக் கண்ணாடியைக் கையில் பிடித்தபடி நின்றாள். பக்கத்திலிருந்த அணைந்த திரையில் தன் முகத்தைத் தேடினாள். கறுத்துக் கிடந்த திரையில் நிறம் எப்படித் தெரியும்? அதற்குள் கீழேயிருந்து ஒருவர் ஓடி வந்தார். "அக்கா, யாரோ டாக்டராம், லைன்ல இருக்காங்க. படத்துல கோளாறா, இல்ல நிஜமான்னு கேக்கறாங்க. நிஜம்னா நாளைக்குக் காலையிலேயே உங்களை வரச் சொல்றாங்க."

நாத்தனார் கலரம்மாவைப் பார்த்தாள்.

"காலையில நீ வர்றியா?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் சீக்கிரம் நடந்தன. ரத்தம், ஸ்கேன், இன்னொரு ஸ்கேன். அக்காவும் தம்பியும் கலரம்மாவும் ஒரு நீளமான பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் நாத்தனாரை அடையாளம் கண்டு சந்தோஷப்பட்டாள். பிறகு அவள் கண்ணைப் பார்த்தாள்.

"இது எப்பேர்ந்து இருக்கு? நான் தினமும் உங்களைப் பாக்கறேனே. போன வாரம்கூடப் பளிச்னு நல்லாத்தானே இருந்தீங்க?"

கலரம்மா தரையில் ஓடிய கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணையத்தில் கட்டி என்றார் டாக்டர். அது பித்தக் குழாயை அழுத்தி அடைத்திருக்கிறது. கல்லீரலிலும் இரண்டு மூன்று புள்ளிகள் தெரிகின்றன. அடைப்பை எடுத்துவிடலாம், மஞ்சள் குறையும், அரிப்பு நிற்கும். கட்டியை எடுக்கிற நிலை தாண்டிவிட்டது.

"ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா?" என்று தம்பி கேட்டான்.

டாக்டர் மேஜை மேலிருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். "அப்படிக் கணக்குப் போடறதுல அர்த்தம் இல்லைங்க. பாத்திருக்கலாம். ஆபரேஷன் பண்ற மாதிரிகூட இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம்."

அன்று சாயங்காலம் தம்பி மருந்து வாங்கப் போயிருந்தான். நாத்தனார் கட்டிலில் சாய்ந்திருந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் அந்த மஞ்சளைப் பார்க்க எந்தக் கேமராவும் வேண்டியிருக்கவில்லை.

"எவ்வளவு நாளா உனக்குத் தெரியும்?"

"நிச்சயமாத் தெரிஞ்சது அஞ்சு வாரம் அண்ணி. அன்னிக்கு மைக்னு சொன்னேனே, அன்னிக்குத்தான்."

"ஏன் சொல்லலே?"

"மறுபடியும் உங்க முகத்தைப் பத்திப் பேசினா... நீங்க என்ன நினைப்பீங்களோன்னு பயம்."

நாத்தனார் போர்வையை விலக்கி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அவ்வளவு பயப்படற மாதிரியா நான் இருந்தேன்?" என்றாள்.

கலரம்மா அழுதாள். நாத்தனார் அவளைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டுச் சொன்னாள்: "தம்பிகிட்ட நீயே சொல்லிடு. நான் இருக்கும்போதே சொல்லு. அவன் கோபப்பட்டா நான் நடுவுல நிக்கலாம். நான் போனப்புறம்னா உனக்கு யாரும் இல்ல."

"சொல்றேன் அண்ணி."

பித்தக் குழாயில் ஒரு சின்னக் குழாயைச் செருகினார்கள். மூன்று வாரத்தில் மஞ்சள் வடிந்தது. கண்கள் வெளுத்தன. எலும்பும் தோலுமாக இருந்தாலும், "நான் வாசிக்கறேன்" என்று நாத்தனார் பிடிவாதம் பிடித்தாள். முதலாளி தயங்கினார். அவசரம்தான், "வாசிக்கட்டும் சார்" என்றார். பதினோரு நாள் வாசித்தாள். கலரம்மா எந்தக் குமிழையும் தொடவில்லை. வட்டத்திரையில் நாத்தனாரின் புகை கோட்டின் மேல் நேராக நின்றது. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்தி, ஒவ்வொரு சுருக்கமும் தெரிய அவள் வாசித்தாள். இந்த முறை ஒரு போன்கூட வரவில்லை. அந்த ஊரில் யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை போலும்.

அந்தப் பதினோரு நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவள் சாப்பிட வந்தாள். ரசமும் சோறும் இரண்டு வாய். தம்பி பழைய கதையெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்தான். எழுந்து கை கழுவும்போது நாத்தனார் கலரம்மாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். சொன்னாயா என்று. கலரம்மா இல்லை என்று தலையசைத்தாள். இவ்வளவு நாளுக்கப்புறம் அக்காவும் தம்பியும் சேர்ந்து சிரிக்கிற வேளையில் எப்படிச் சொல்வது? இன்னொரு நாள் சொல்லலாம் என்று இருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரி. பிறகு அவள் தெளிவாகப் பேசவே இல்லை. எட்டு நாளில் போய்விட்டாள். கடைசிவரை கலரம்மா தன் கணவனிடம் சொல்லவில்லை.

கடைத்தெருவில் அன்று மாலை நிறையக் கடைகள் பாதிக் கதவு சாத்தியிருந்தன. நிலையத்தில் ஏழரை மணிக்கு ஒரு படத்தை மட்டும் போட்டு நிறுத்தினார்கள். எந்தப் படத்தைப் போடுவது என்று கலரம்மாவிடம் கேட்டார்கள். பழைய கேமராவில் எடுத்த ஒன்றைக் கொடுத்தாள்.

அடுத்த மாதம் மாடிவீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கலரம்மாவும் கணவனும் வாடகை வேன் எடுத்துக்கொண்டு போனார்கள். செய்திக்கென்று வைத்திருந்த உடைகளை நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கியிருந்தாள் நாத்தனார். அவன் ஒவ்வொன்றாக எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான். திடீரென்று சொன்னான்: "அவ கொஞ்சம் முன்னாடி யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். இல்ல, நான் போய்ப் பாத்திருக்கலாம். தம்பின்னு ஒருத்தன் இருந்து என்ன பிரயோஜனம்?"

அவன் அந்தப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை. அங்கேயே, கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள். வட்டத்திரை, கோடு, வியாழக்கிழமை, மைக் என்று சொன்ன பொய், ஐந்து வாரம். அக்கா சொல்லச் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சொன்னாள்.

அவன் கையில் பாதி மடித்த உடை அப்படியே இருந்தது.

"நீ சொல்லியிருந்தாலும் அவ கேட்டிருக்க மாட்டா" என்றான். "அவ பிடிவாதம் எனக்குத் தெரியாதா?"

அந்தச் சமாதானத்தைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அவன் அவளுக்காகத்தான் அதை நீட்டினான்.

"கேட்டிருப்பாங்க" என்றாள் கலரம்மா. "அன்னிக்கு மாடிக்கு வந்தப்போ நான் சொன்னதும், 'காலையில நீ வர்றியா'ன்னுதான் கேட்டாங்க. வேற ஒண்ணும் கேக்கலே."

அவன் உடையைப் பெட்டியில் வைத்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே போனான். படியில் அவன் காலடிச் சத்தம் முழுக்க இறங்கிப் போகிறவரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பெட்டியைப் பின்னால் வைத்துவிட்டு, அவன் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். கதவைச் சாத்தினான். வேனைக் கிளப்பவில்லை. கைகள் இரண்டும் ஸ்டியரிங்கின் மேல் இருந்தன.

அரைமணி நேரம் ஆகியிருக்கும். தெருவில் ஒரு நாய் வேனின் நிழலில் வந்து படுத்தது. அவள் சமையலறைப் பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றினாள். சுற்றி முடித்ததும் சும்மா நின்றாள்.

கதவு திறந்தது. அவன் வந்தான். கண் சிவந்திருந்தது. அவளைப் பார்க்கவில்லை. அறையில் மிச்சமிருந்த பெரிய பொருள் அலமாரிதான். அதன் ஒரு பக்கத்தில் போய்க் குனிந்து அடியில் கையைக் கொடுத்தான்.

"அந்தப் பக்கம் பிடி" என்றான்.

அவள் பிடித்தாள். கனமாக இருந்தது. ஒவ்வொரு படியாக, அவன் முன்னாலும் அவள் பின்னாலுமாக, இருவரும் அதைக் கீழே இறக்கினார்கள்.